வெறும் இலை

தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் பழக்கமான ஒரு வாக்குப்பதிவு உண்டு. காலை ஏழு மணிக்கு ஊர் வந்து வரிசையில் நிற்கும் என்றால், அது ஐந்தரைக்கே தொடங்கிவிடும். கட்சி ஏஜென்ட்கள் குளித்தும் குளிக்காமலும் வந்து பெஞ்சில் உட்காருவார்கள். ஒவ்வொருவராக எழுந்துபோய் மறைப்புக்குப் பின்னால் நின்று பட்டனை அமுக்குவார்கள். சிவப்பு விளக்கு எரியும், ‘பீப்’ என்று நீளமாக ஒரு சத்தம் வரும், பக்கத்தில் இருக்கும் விவிபாட் பெட்டியின் சின்ன ஜன்னலில் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு அறுந்து உள்ளே விழும். எல்லா வேட்பாளருக்கும், நோட்டாவுக்கும் சேர்த்து குறைந்தது 50 வாக்கு. மாதிரி வாக்குப்பதிவு என்று பெயர்.

அப்புறம் கன்ட்ரோல் யூனிட்டில் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர் என்ற வரிசையில் மூன்று பட்டன்களை அமுக்க வேண்டும். கணக்கு பூஜ்யத்துக்கு வரும். பெட்டியில் விழுந்த சீட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் மாதிரி வாக்கு என்று முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். நான் தமிழாசிரியர். பல தேர்தல்களாக வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் இந்த ஐந்தரை மணி வேலையில்தான் மனம் கொஞ்சம் சிக்கிக்கொள்ளும். ஐம்பதாவது வாக்குக்கும் அடுத்த வாக்குக்கும் என்ன வேறுபாடு? அதே பட்டன், அதே சத்தம், அதே சீட்டு. இயந்திரத்துக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. அங்கே இருக்கும் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் தெரியும், இது விளையாட்டு, அது நிஜம் என்று.

க்ளியர் பட்டனை அமுக்க மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். மறந்த சாவடிகள் உண்டு. அதற்கென்றே தேர்தல் ஆணையம் ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. எண்ணும்போது அந்தச் சாவடியின் இயந்திரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். கடைசியில் முதல் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம், ஒதுக்கி வைத்ததில் இருக்கும் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் விவிபாட் சீட்டுகளை எடுத்து எண்ணுவார்கள். இயந்திரத்துக்குள் அர்த்தமுள்ள வாக்கும் அர்த்தமில்லாத வாக்கும் கலந்துவிட்டால், இயந்திரத்தைக் கேட்டுப் பிரிக்க முடியாது என்பதை ஆணையமே ஒப்புக்கொள்ளும் இடம் அது.

சொல்லுக்கும் பொருளுக்கும் அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்று பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குப் புரிந்தவரை, நம் ஊர்த் தேர்தல் சின்னங்களைப் போல அதை வெட்டவெளிச்சமாகக் காட்டுவது வேறு எதுவும் இல்லை. ஒரு சின்னத்துக்கு அர்த்தம் பிறப்பதையும், ஒட்டிக்கொள்வதையும், சில சமயம் செத்துப்போவதையும் ஒரே ஆயுளில் கண்ணால் பார்க்கலாம். சொற்களுக்கு அப்படி அல்ல. அவை பிறந்தபோது நாம் யாரும் இல்லை.

முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 18.33 சதவீதம். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன்னால் இருந்த கேள்வி ரொம்ப எளிமையானது: வேட்பாளரின் பெயரை வாசிக்கத் தெரியாதவர் யாருக்கு வாக்களிக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்? படம் போடலாம் என்று முடிவானது. பின்னாளில் வந்தது போல வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் வேலை அப்போது இல்லை. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, அதன்மேல் அவருடைய சின்னம். வெறும் சீட்டைக் கொண்டுபோய் விருப்பமான பெட்டிக்குள் போட்டால் சரி. சீட்டில் எந்த வேட்பாளர் பெயரும் இராது. அது எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதுதான் அது சொன்ன சொல்.

படங்களை வரைந்தவர் எம். எஸ். சேத்தி. ஆணையத்தில் பல்லாண்டு வரைவாளராக இருந்து 1992இல் ஓய்வு பெற்றார். இன்று வாக்குச்சீட்டில் நாம் பார்க்கும் பழைய சின்னங்களில் நிறைய அவர் பென்சிலால் போட்ட கோட்டுப்படங்கள்தான். சாமானியர் வீட்டில் அன்றாடம் புழங்கும் சாமானாக இருக்க வேண்டும், பார்த்ததும் தெரிய வேண்டும், ஒன்றை இன்னொன்று என்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதுதான் கணக்கு. சாமான் மாற மாறப் பட்டியலும் மாறியது. இன்று யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருக்கும் சின்னங்களின் பட்டியலைப் பார்த்தால் நகவெட்டி, ரொட்டி டோஸ்டர், நூடுல்ஸ் கிண்ணம், பென் டிரைவ், சிசிடிவி கேமரா எல்லாம் இருக்கும். ஒரு பாத்திரக்கடையையும் ஒரு மொபைல் கடையையும் சேர்த்துக் கொட்டிய மாதிரி. யாராவது எடுத்துக்கொள்ளும்வரை அவற்றுக்கு அர்த்தம் இல்லை. அர்த்தம் இல்லாமல் இருப்பதுதான் அங்கே தகுதியே.

எட்டாம் வகுப்பில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் நடத்தும்போது பிள்ளைகளுக்குச் சின்னங்களைத்தான் சொல்வேன். நம் முன்னோர் ஒரு காரணமும் இல்லாமல் இட்டு வழங்கியது இடுகுறி. காரணம் பற்றி வந்தது காரணப் பெயர். உதயசூரியன் காரணத்தோடு வந்த சின்னம். விடியல், மலைகளுக்கு நடுவே எழும் கதிர், புதிய ஆட்சி என்று மேடையில் விளக்கலாம், விளக்கவும் செய்தார்கள். கதிர் அரிவாளும் அப்படித்தான். முதல் தேர்தலில் வாங்கிய சின்னத்தை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி இன்றுவரை வைத்திருக்கிறது. இரட்டை இலை? 1972இல் எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி, 1973இல் திண்டுக்கல் இடைத்தேர்தல் வந்தது. வேட்பாளர் மாயத்தேவர், கொடுத்த பட்டியலிலிருந்து அதைப் பொறுக்கினார். அதில் பெரிய தத்துவம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. சுவரில் வரையச் சுலபம், இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் போதும். அவ்வளவுதான்.

ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து இந்த இரண்டில் எதற்கு அர்த்தம் அதிகம் என்று கேட்டால் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் சூரியனுக்குப் போடுகிறவர் விடியலை நினைத்துக்கொண்டா போடுகிறார்? அவர் அப்பா சூரியனுக்குப் போட்டார். இலைக்குப் போடுகிற அம்மாவிடம் எந்த மரத்து இலை அது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார். அது எம்.ஜி.ஆர். இலை. வேறு எந்த மரத்தில் முளைக்கும்? காரணத்தோடு வந்தாலும் காரணம் இல்லாமல் வந்தாலும், புழங்கப் புழங்க இரண்டும் ஒரே மாதிரி வழவழப்பாகிவிடுகின்றன. தொல்காப்பியத்தில் உரியியலில் ஒரு வரி வரும்: ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா.’ ஒரு சொல்லுக்கு இந்தப் பொருள் ஏன் வந்தது என்ற காரணம், பார்த்த உடனே பளிச்சென்று தெரியாது. காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தோன்றாது என்கிறார். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

சரி, காரணம் எப்படியோ போகட்டும். அர்த்தத்தைக் கொடுப்பது யார்? ஆணையம் கொடுக்கிறது என்று சட்டம் சொல்லும். 1968ஆம் ஆண்டு சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணை என்று ஒன்று இருக்கிறது. யாருக்கு எது, எதை யார் தொடக்கூடாது என்பதெல்லாம் அதில் வரும். ஆணையம் ஒதுக்கலாம். ஒதுக்கிய மறுநாள் காலையில் அந்தச் சின்னம் எதையும் சொல்லாது. ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடந்ததைப் பாருங்கள். 2017 மார்ச்சில் இரட்டை இலை முடக்கப்பட்டது. தினகரன் தரப்புக்குத் தொப்பி, பன்னீர்செல்வம் தரப்புக்கு இரட்டை மின்கம்பம். மின்கம்பத்தில் விளக்கு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இலை போலவே தெரியும் என்று அப்போது எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம். அந்தத் தேர்தல் ரத்தாகி, டிசம்பரில் மறுபடி வந்தபோது இலை எடப்பாடி பழனிசாமி, பன்னீர்செல்வம் தரப்புக்குக் கிடைத்துவிட்டது. தினகரனுக்குக் கிடைத்தது குக்கர்.

குக்கர் அதுவரை தமிழ்நாட்டில் சாதம் வைக்கிற பாத்திரம். சில வாரங்களில் அது ஒரு ஆளின் பெயராகிவிட்டது. தெருவில் விசில் சத்தம் கேட்டால் சிரித்தார்கள். பெண்கள் வாசலில் குக்கர் கோலம் போட்டார்கள். கடைசியில் சுயேச்சையாக நின்ற அவர் 40,707 வாக்கு வித்தியாசத்தில், இரட்டை இலையை எதிர்த்து வென்றார். பழனிசாமி, பன்னீர்செல்வம் தரப்பே கட்சி, இலை அவர்களுக்கே என்று ஆணையம் தீர்ப்பு சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வெற்றிக்கு என்ன காரணம் என்பது வேறு கதை, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒதுக்குவது ஒரு வேலை, அர்த்தம் ஊட்டுவது வேறு வேலை. இரண்டாவதை எந்த ஆணையாலும் செய்ய முடியாது. ஆயிரம் பேர் ஒரே படத்தைக் காட்டி ஒரே ஆளைச் சொல்லி, கேட்கிறவரும் அப்படியே எடுத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1989 தேர்தலில் எம்.ஜி.ஆர். இல்லாத அ.தி.மு.க. இரண்டாக நின்றது. ஜெயலலிதாவுக்குச் சேவல், ஜானகி அம்மாளுக்கு இரட்டைப் புறா. அந்த மாதங்களில் சேவல் என்றால் என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அணிகள் ஒன்று சேர்ந்தன, இலை திரும்ப வந்தது. சேவல் மறுபடி கோழிக்கூட்டுக்குப் போய்விட்டது. இன்று என் வகுப்பில் சேவல் என்று சொன்னால் எவனும் அரசியலை நினைக்க மாட்டான். அந்தச் சின்னங்கள் இனி புதிதாக யாருக்கும் கிடைக்கவும் போவதில்லை. விலங்கு, பறவைச் சின்னங்களை ஆணையம் புதிதாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பிரச்சாரத்துக்கு உயிரோடு பிடித்து வந்து வதைக்கிறார்கள் என்று புகார். அதுவும் யோசித்தால் வேடிக்கைதான். சேவல் படத்துக்கு வாக்குக் கேட்கப் போனவர்கள் கையில் நிஜச் சேவல் எதற்கு?

காங்கிரஸின் பழைய சின்னம் பூட்டிய காளைகள். 1969இல் கட்சி உடைந்தபோது இரு தரப்பும் காளை எங்களுக்கே என்றன. விவகாரம் நீதிமன்றத்தில் கிடந்ததால் 1971 தேர்தலில் இரண்டு பேருக்குமே காளை இல்லை. இந்திரா தரப்பு பசுவும் கன்றும் என்று போனது; காமராஜர் இருந்த தரப்புக்கு ராட்டை சுற்றும் பெண். சாதிக் அலி வழக்கு என்று அதைச் சொல்வார்கள். அதில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது: சின்னம் என்பது கூட்டுச் சொந்தக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிற சொத்து கிடையாது. நிலம் என்றால் வரப்பு போட்டு ஆளுக்குப் பாதி தரலாம். இரண்டு காளையில் ஆளுக்கு ஒன்று தர முடியாதா என்று நம் ஊர்ப் பஞ்சாயத்தில் யாராவது கேட்டிருப்பார்கள். தர முடியாது. ஏர் பூட்டிய இரண்டு காளையைப் பார்த்துத்தான் மக்களுக்குக் கட்சி ஞாபகம் வரும். ஒற்றைக் காளையைப் பார்த்தால் மாடுதான் ஞாபகம் வரும்.

அந்தக் கணக்கை நான் வேறொரு இடத்தில் நேரில் பார்த்தேன். வாக்குச்சாவடி பெரும்பாலும் பள்ளிக்கூடம்தான். முந்தின நாள் மாலை பெட்டியோடு போய் இறங்கியதும் அறையைச் சரிபார்க்க வேண்டும். தலைவர்கள் படம், கட்சி அடையாளம் எதுவும் கண்ணில் படக்கூடாது. அந்த முறை எங்களுக்குக் கிடைத்தது ஒன்றாம் வகுப்பு அறை. சுவரில் உயிரெழுத்து அட்டை. அ அம்மா, ஆ ஆடு, இ இலை. சூரியன் தரப்பு ஏஜென்ட் சாயங்காலமே வந்துவிட்டார். நின்று பார்த்துவிட்டு, “சார், இத மறைக்கணும்” என்றார். இலை தரப்புக்காரர் விடவில்லை. “ஒத்த இலைதானேண்ணே, எங்களோடது ரெட்டை.” நியாயமான வாதம். நான் அசந்த நேரத்தில் சூரியன் தரப்புக்காரர் இன்னொன்று சொன்னார்: “ஒரு இலைய பாத்தா உங்களுக்கு இன்னொரு இலை ஞாபகம் வராதா?”

அது அதைவிட நியாயமான வாதம். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இலைக்காரர் எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே சூரியக் குடும்பம் மாட்டியிருந்தது. நடுவில் மஞ்சளாக, பெரிதாக, ஜம்மென்று. “அப்ப அது?” சூரியன் தரப்பு, “அது உதிக்கலியே, நடுவானத்துல நிக்குது” என்றது. இதற்குள் மூன்றாவது ஆள், பேசாமல் இருந்தவர், “ஏ ஏணி” என்று மெதுவாகச் சொன்னார். முஸ்லிம் லீக்கின் சின்னம் ஏணி. எங்கள் தொகுதியில் அவர்கள் நிற்கவே இல்லை. ஆனாலும் பேச்சு சூடு பிடித்துவிட்டது. கடைசியில் உயிரெழுத்து, சூரியக் குடும்பம் இரண்டையும் நாளிதழ் ஒட்டி மூடினோம். ஒட்டி முடித்த பிறகு பார்த்தால், ஒட்டிய பக்கத்தில் ஒரு தலைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிய்த்துவிட்டு விளையாட்டுப் பக்கத்தை ஒட்டினோம்.

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பேரும் கிறுக்கர்கள் கிடையாது. வருஷம் பூரா அந்த இலையைப் பார்த்து ஆறு வயசுப் பிள்ளைகள் இகரம் படிக்கிறார்கள், யாருக்கும் அதில் அரசியல் தெரியாது. ஒரே ஒரு நாள், அந்த ஒரு அறையில், அது வெறும் இலையாக இருக்க முடியாமல் போய்விடுகிறது. அட்டையில் எதுவும் மாறவில்லை. பார்க்கிறவர்கள் எதற்காக அங்கே வந்திருக்கிறார்கள் என்பது மாறிவிட்டது.

இதே சண்டை பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 2013இல் சென்னையில் சிற்றுந்துகள் விட்டபோது அவற்றின் பக்கவாட்டில் பச்சை இலைகள் வரைந்திருந்தார்கள். அது இரட்டை இலை என்றது தி.மு.க.; இயற்கையைக் காட்டும் வெறும் இலைகள் என்றது அரசு. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எத்தனை இலை, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்றெல்லாம் விவாதம். வரைந்தவர் என்ன நினைத்து வரைந்தார் என்று நிரூபித்துவிட்டால் முடிந்துவிடுமா? பேருந்தில் ஏறுகிறவர் ஓவியரின் மனத்தைப் பார்ப்பதில்லை, இலையைப் பார்க்கிறார். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் வந்ததும் மறைப்பு விழுந்தது.

உத்தரப் பிரதேசத்தில் 2012 ஜனவரியில் நடந்தது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மாயாவதி ஆட்சியில் லக்னோவிலும் நொய்டாவிலும் பூங்காக்களில் வரிசை வரிசையாகக் கல் யானைகள். யானை பகுஜன் சமாஜ் கட்சியின் சின்னம். தேர்தல் முடியும்வரை எல்லாவற்றையும் மூட வேண்டும் என்று ஆணையம் உத்தரவு போட்டது. மூடினார்கள். துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிய யானை, யானை மாதிரியேதான் இருந்தது. தும்பிக்கையை எங்கே ஒளிப்பது? அதுவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதவர்கள்கூட நின்று பார்த்தார்கள். மூடியதாலேயே அர்த்தம் இரட்டிப்பானது. அதே யானை அசாமில் போய் நின்றால் மாயாவதியைக் குறிக்காது. அங்கே அது அசாம் கண பரிஷத்துக்குச் சொந்தம், பகுஜன் சமாஜுக்கு அங்கே யானை கிடையாது. சைக்கிளும் அப்படி ஊர் மாற்றிப் பேசும். உத்தரப் பிரதேசத்தில் சமாஜ்வாதி, ஆந்திராவில் தெலுங்கு தேசம். 1996இல் தமிழ்நாட்டில் மூப்பனார். அந்தத் தேர்தலில் ரஜினி சைக்கிள் ஓட்டிப் போகும் ஒரு பழைய படத்தின் ஸ்டில் சுவரெங்கும் ஏறியது. படம் எடுத்தபோது அந்தச் சைக்கிள் பால் கொண்டுபோகத்தான் வந்தது.

ஆந்திராவில் இன்னொன்று, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸின் சின்னம் மின்விசிறி. கோடையில் நடக்கும் தேர்தலில் சாவடிக்குள் விசிறியைக் கழற்ற முடியுமா? சுற்றட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறையாகிவிடும். தமிழ்நாட்டில் ஐந்து விரலையும் விரித்துத் தூக்கிக் காட்டினால் உதயசூரியன், விரல்கள் கதிர்கள். விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைக் காட்டினால் காங்கிரஸ். இடையில் இருப்பது விரல் அகலம் மட்டும். கூட்டணி ஒன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை, எப்படித் தூக்கினாலும் கணக்கு ஒரே பக்கம் சேரும். இரண்டு விரல் காட்டினால் உலகத்தில் பல இடங்களில் வெற்றி, இங்கே இலை. பள்ளி விளையாட்டு விழாவில் கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது பிள்ளைகள் இரண்டு விரலைத் தூக்கினால், எங்கள் தலைமை ஆசிரியர் பதறிப்போய் “கையக் கீழ போடுங்கடா” என்பார். பிள்ளைகளுக்கு ஏன் என்று புரியாது. அவர்களுக்கு அது செல்ஃபி.

வீட்டு கேட்டுகளிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. பழைய வீடுகளின் இரும்பு கேட்டில், ஜன்னல் கிரில்லில், கீழே அரைவட்டம், மேலே விரிந்து போகும் கம்பிகள் என்று ஒரு டிசைன் பார்த்திருப்பீர்கள். கட்சிக்காரர் வீடா, வெல்டிங் பட்டறையில் அந்த மாதத்தில் ஓடிய டிசைனா? எங்கள் தெருவில் அப்படி ஒரு கேட் வைத்த வீட்டுக்காரர் பரம்பரை இலைக்காரர். வீடு வாங்கும்போதே கேட் அப்படித்தான் இருந்ததாம். மாற்றச் செலவாகும் என்று விட்டுவிட்டார். தேர்தல் சமயத்தில் மட்டும் வாக்குக் கேட்டு வருகிற சூரியன் தரப்பு அவர் வீட்டு வாசலில் கொஞ்சம் கூடுதல் உரிமையோடு நிற்கும்.

பெயரைவிடச் சின்னத்துக்குப் பலம் அதிகம் என்பது 2024இல் ராமநாதபுரத்தில் தெரிந்தது. முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றார். அதே பெயரில், அதே முதலெழுத்தோடு இன்னும் சிலர் மனு போட்டார்கள். பெயர் என்பது ஒரு ஆளைச் சுட்டிக்காட்டத்தான் இருக்கிறது. அங்கே அது ஒரு கும்பலைச் சுட்டியது. கடைசியில் அவரை அடையாளம் காட்டியது பலாப்பழம். இலைக்காகப் பல வருடம் நின்றவரை ஒரு பழத்தைக் காட்டி அறிமுகப்படுத்த வேண்டிவந்தது. இரண்டாம் இடம் வந்தார். பழத்துக்கு அவ்வளவு வேகமாக அர்த்தம் ஏறியிருக்கிறது என்றால் மற்ற பன்னீர்செல்வங்கள் என்ன செய்ய முடியும்?

சிறிய கட்சிகள் தனிச் சின்னத்துக்காக ஏன் அப்படி அடம்பிடிக்கின்றன என்பதும் இதில்தான் இருக்கிறது. 2019இல் விடுதலைச் சிறுத்தைகளில் திருமாவளவன் சிதம்பரத்தில் பானையில் நின்றார். ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்றார். பானை 3,219 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்துக் கரையேறியது. சூரியனில் நின்றிருந்தால் அந்தப் பதைபதைப்பு இருந்திருக்காது என்று அன்று எத்தனை பேர் சொன்னார்கள்! ஆனால் பானையில் வென்றால்தான் அந்த வெற்றி பானையின் கணக்கில் சேரும். இரவல் சின்னத்தில் நிற்பவர் இரவல் அர்த்தத்தில் நிற்கிறார்.

எல்லாம் சரியாக நடக்கும்போது சின்னம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிவதில்லை. தவறும்போதுதான் தெரியும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் சரத் பவார் கட்சி உடைந்து, அவருக்குப் புதிதாகக் கிடைத்த சின்னம் துதாரி ஊதும் மனிதர். துதாரி மராத்தியர்களின் நீளமான ஊதுகொம்பு. அதே தேர்தலில் சில சுயேச்சைகளுக்கு டிரம்பெட் கிடைத்தது. படம் வேறு. மராத்தியில் அச்சான பெயர் மட்டும் துதாரி என்று இருந்தது. திண்டோரி தொகுதியில் அதிகம் அறியப்படாத ஒரு சுயேச்சைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு விழுந்தது. அங்கே பவார் கட்சி அதைத் தாண்டியும் வென்றுவிட்டது. சாத்தாராவில் அப்படி இல்லை. பவார் கட்சி வேட்பாளர் தோற்ற வித்தியாசம் 32,771; டிரம்பெட் வாங்கிய வாக்கு 37,062.

அந்த முப்பத்தேழாயிரம் பேரில் எத்தனை பேர் பவாரை நினைத்துக்கொண்டு டிரம்பெட்டை அமுக்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. சிலர் நிஜமாகவே சுயேச்சைக்குப் போட்டிருக்கலாம். கேட்கவும் வழியில்லை, வாக்கு ரகசியம். மனத்துக்குள் ஒன்றை நினைத்து, கையால் இன்னொன்றைச் சொன்னால், எண்ணிக்கை மேசையில் கை சொன்னதுதான் நிற்கும். பேச்சில் இந்தக் கொடுமை இல்லை. “நான் அப்படிச் சொல்ல வரலப்பா” என்று நாக்குப் பிசகைத் திருத்திக்கொள்ளலாம். எதிரில் இருப்பவரும் விட்டுக்கொடுப்பார். நம் பேச்சில் பாதி அப்படி விட்டுக்கொடுத்துத்தான் ஓடுகிறது. வாக்குப்பதிவில் எதிரில் ஆளே இல்லை.

விதிப்புத்தகத்தில் கிட்டத்தட்ட அதற்கென்று ஒரு சந்து மட்டும் இருக்கிறது. நான் அமுக்கியது ஒன்று, சீட்டில் வந்த படம் வேறு என்று ஒருவர் புகார் சொன்னால், எழுதி வாங்கிக்கொண்டு, ஏஜென்ட்கள் முன்னால் ஒரு சோதனை வாக்கு போடச் சொல்ல வேண்டும். பொய்ப் புகார் என்றால் தண்டனை உண்டு என்று முதலிலேயே எச்சரிக்கவும் வேண்டும். ஆனால் அந்தச் சந்து இயந்திரம் பிசகினால்தான் திறக்கும். ஆள் பிசகினால் திறக்காது.

போன தேர்தலில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும், மறைப்பிலிருந்து வெளியே வந்தவர் நேராக என் மேசைக்கு வந்தார். “சார், கண்ணாடி போடாம வந்துட்டேன். ஒரு பட்டன் தள்ளி அமுக்கிட்டேன் போல. மாத்திக் குடுங்க.” யாருக்கு என்று சொல்லிவிடப் போகிறாரோ என்று எனக்குப் பயம். “ஐயா, மாத்த முடியாதுங்க, விழுந்தது விழுந்ததுதான்” என்றேன். அவர் போகவில்லை. “நான் நெனச்சது வேற ஆளுக்குங்க.” முடியாது என்றேன் மறுபடியும். மை காயாத விரலை ஒரு முறை பார்த்துக்கொண்டு, “அப்ப நான் யாருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்?” என்று கேட்டார். பெஞ்சில் இருந்த ஏஜென்ட்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில், “எங்களுக்குத்தாண்ணே” என்றார்கள்.